தோட்டத்து வாசிகசாலைக்கு ஒரு தினப் புதிர்ப் பலகை

வாசிகசாலைச் சுவர், பாடசாலை வாயில், கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம், பஸ் நிற்கிற இடம் என்று ஆட்கள் இரண்டு நிமிடம் நிற்கிற எந்த இடத்திலும் தினமும் மூன்று புதிர் போடலாம்: ஒன்று சொல், ஒன்று கணக்கு, ஒன்று பொது அறிவு. பலகை தேடுவதும் வெண்கட்டி வாங்குவதும் பெரிய வேலை இல்லை. மூன்றாவது வாரத்தோடு நின்றுவிடாமல் நடத்துவதுதான் வேலை. நின்றுபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். வேறு மொழியில் செய்யப்பட்ட புதிரை அப்படியே தமிழாக்கிப் போடுகிறார்கள். தமிழ் எழுத்தில் அது உடைந்துபோகிறது, இரண்டு விடை வருகிறது, வாக்குவாதம் வருகிறது, பிறகு யாரும் பலகைப் பக்கம் திரும்புவதில்லை. புதிரை இங்கேயே, நம் எழுத்திலும் நம் கணக்கிலும் செய்து, ஒரே விடைதானா என்று சோதித்துப் போட்டால் பலகை நிலைக்கும்.

பலகையும் இடமும்

4 அடி அகலம், 3 அடி உயரமான பலகை போதும். எழுத்து 4 சென்ரிமீற்றர் உயரம் இருந்தால் நாலு மீற்றர் தள்ளி நிற்பவரும் வாசிக்கலாம். வரிக்கு 7 சென்ரிமீற்றர் விட்டால் 12 வரி கிடைக்கும். திகதிக்கு ஒரு வரி, மூன்று புதிருக்கும் மும்மூன்று வரி, நேற்றைய விடைகளுக்கு இரண்டு வரி. ஒரு வரியில் 25 எழுத்துக்கு மேல் பிடிக்காது. இந்த அளவு நல்லதே. மூன்று வரிக்குள் அடங்காத புதிரில் எப்போதும் வெட்ட வேண்டிய சொற்கள் இருக்கும்.

மழைதான் பெரிய தொல்லை. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. பதுளைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. அந்த மாதங்களில் மூடுபனி பட்ட பலகை ஈரமாகவே இருக்கும். வெண்கட்டி வழுக்கும், எழுத்துப் பிடிக்காது. அப்போது பலகையை விட்டுவிட்டு, தாளில் அழியாத மார்க்கரால் எழுதி பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தொங்கவிடுங்கள். உறையின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் ஒரே இரவில் உள்ளே தண்ணீர் கட்டிவிடும். சாதாரண நிறப்பேனா எழுத்து ஈரத்தில் கசிந்து போகும், அதைப் பயன்படுத்த வேண்டாம்.

புதிரை மாலையில் எழுதுங்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு) போகிறவரும், ஏழு மணிக்குப் பாடசாலைக்கு இறங்குகிற பிள்ளையும் அதைத் தலையில் போட்டுக்கொண்டு போவார்கள். நாள் முழுக்க மலையில் பேச ஒரு விஷயம் கிடைக்கும். அடுத்த மாலை விடை. காலையில் எழுதி மாலையில் விடை போட்டால் வேலைக்குப் போனவர்களுக்குப் புதிரே கிடைக்காது.

எல்லாவற்றுக்கும் முன்: ஒரே விடை

நல்ல புதிருக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும். அந்த விடையைக் கண்டதும், அதுதான் என்று கண்டவருக்கே தெரிய வேண்டும். பலகை போடுபவரிடம் வந்து “சரியா?” என்று கேட்க வேண்டிய புதிர் பாதிப் புதிர்.

விடுகதை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

“மலையை விழுங்குவான், மரத்தை விழுங்குவான், வெயில் வந்தால் கக்கிவிட்டு ஓடுவான்.”

எழுதியவர் மனதில் மூடுபனி. ஆனால் “இருட்டு” என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. வெயில் வந்தால் இருட்டும் ஓடுகிறது. முதல் அடியில் “பட்டப்பகலிலும் வந்து மலையை விழுங்குவான்” என்று ஒரு துண்டு சேர்த்தால் இருட்டு அடைபட்டுவிடும். பிறகு மிச்சம் இருப்பது பனி, மூடுபனி, பனிமூட்டம், மிஸ்ட் என்ற பெயர் வேறுபாடுதான். அவை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

இன்னொன்று: “முதுகில் தொங்குவேன், தலைதான் சுமக்கும், வெறுமையாய் ஏறுவேன், நிறைந்து இறங்குவேன்.” கொழுந்துக் கூடை. கயிறு தலையில் மாட்டி முதுகில் தொங்குவது வேறு எந்தப் பொருளுக்கும் அவ்வளவாகப் பொருந்தாது, அதோடு நான்கு துண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. முதல் இரண்டு துண்டும் முரணாகத் தெரிய வேண்டும், பொருள் தெரிந்ததும் அந்த முரண் அவிழ வேண்டும். விடுகதை கட்டுகிறவர் தேட வேண்டியது இந்த முரணைத்தான். வெறும் வர்ணனை விடுகதை ஆகாது.

சோதிப்பதற்கு இரண்டு பேர் தேவை: தரம் 6க்கும் 8க்கும் இடையில் படிக்கும் ஒரு பிள்ளை, ஒரு பெரியவர். புதிரை எழுதிக் கையில் கொடுங்கள், வாயால் விளக்காதீர்கள். அவர்கள் திருப்பிக் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் நீங்கள் எழுத மறந்த ஒரு நிபந்தனை. ஐந்து நிமிடத்தில் இருவரும் ஒரே விடைக்கு வந்தால் புதிர் தயார். இருவரும் வரவில்லை என்றால் கடினம். இருவரும் வேறு வேறு விடைக்கு வந்தால் புதிரில் ஓட்டை.

சொல் புதிர்கள்

எழுத்து எண்ணுவதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இவற்றில் ஒவ்வொன்றும் முழு எழுத்து. புள்ளி வைத்த எழுத்தும் ஓர் எழுத்து. கொம்பும் காலும் சேர்ந்த “கொ”வும் ஓர் எழுத்து. “கொழுந்து” என்பது கொ, ழு, ந், து என நான்கெழுத்து. கணினியோ கைபேசியோ அதை எண்ணினால் பெரும்பாலும் 8 என்று காட்டும், ஏனென்றால் அது கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. எழுத்தைக் கலைத்துத் தருகிற செயலிகள் பலவும் இதே பிழையைச் செய்து, காலைத் தனியாகவும் கொம்பைத் தனியாகவும் சிதறவிடும். ஆகவே சொல் புதிரைக் கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாகக் கையால் எழுதிச் செய்யுங்கள்.

எழுத்து மாற்றுப் புதிரில் அடிக்கடி நடக்கும் தவறு: “கவலை”யைக் கலைத்தால் “கலவை” என்று போடுவது. வரவே வராது. ஒன்றில் க, வ, லை. மற்றதில் க, ல, வை. உயிர்மெய் முழுதாக இடம் மாற வேண்டும். சரியாக வருபவை: நகரம்–நரகம், ரதம்–தரம், ரசம்–சரம், கதவு–தகவு. பின்னாலிருந்து வாசித்தால் வேறு சொல்லாகிறவை அரிது, கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்: குருதியைத் திருப்பினால் திருகு.

நீளமான ஊர்ப்பெயர் கலைப்பதற்கு நல்லது. லை, க், த, க, வா, ல: ஆறெழுத்து ஊர் எது? இதை அவிழ்க்க ஒரு வழி உண்டு, முதல் வாரத்திலேயே பலகையில் சொல்லிக்கொடுங்கள். புள்ளி எழுத்து சொல்லின் முதலில் வராது. க், ச், த், ப் ஆகியவற்றுக்குப் பின்னால் தமிழ்ச் சொல்லில் அதே வரிசை எழுத்துத்தான் வரும். ஆகவே “க்”குப் பின் “க”. ஆறு துண்டு ஐந்தாகிவிட்டது. தலவாக்கலை தானாக வந்து விழும்.

ஊர்ப்பெயரைப் பிரித்துப் போடும் புதிர்தான் மலையகத்தில் எப்போதும் எடுபடும்:

முன்பாதி இருட்டு, பின்பாதி அறுபத்து நான்கு. நான்கெழுத்து ஊர். — இரா, கலை: இராகலை.

மூன்றெழுத்து ஊர். தலையை எடுத்தால் புல்லாங்குழலில் இருப்பேன். — பதுளை.

முன் மூன்றெழுத்து வடிவம் சொல்லும், பின் இரண்டெழுத்து கையில் குலுங்கும். — வட்டவளை.

எழுத்தெண்ணிக்கையை எழுதாமல் விடாதீர்கள். பலர் “ராகலை” என்றும் எழுதுகிறார்கள். “நான்கெழுத்து” என்று சொன்னால்தான் “இரா” முழுதாக நிற்கும். ஹட்டன்–அட்டன், டிக்கோயா–திக்கோயா, நுவரெலியா–நுவரேலியா என்று எழுத்து வேறுபடும் ஊர்கள் நிறைய. அந்தந்த ஊர்ப் பெயர்ப்பலகையிலோ ரயில் நிலையப் பலகையிலோ உள்ள எழுத்தைப் பின்பற்றுவது என்று ஒரு முறை அறிவித்துவிட்டால் போதும். ஹ, ஸ, ஜ, ஷ வரும் பெயர்களை ஒதுக்கத் தேவையில்லை. மஸ்கெலியாவை ஒதுக்கிவிட்டு மலையகத்துக்குப் புதிர் போட முடியாது.

முதல் நாளுக்கு ஒரு புதிர் தயாராகவே இருக்கிறது. பலகையின் முதல் வரியில் “திகதி” என்று எழுதியிருப்பீர்கள். கீழே போடுங்கள்: “இந்தப் பலகையின் முதல் வரியில், பின்னாலிருந்து வாசித்தாலும் மாறாத சொல் ஒன்று இருக்கிறது. எது?” விகடகவி எல்லாருக்கும் தெரியும், தினமும் எழுதுகிற திகதியை யாரும் திருப்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். அடுத்த நாள் இதே வகையில் வேறு சொற்கள் கேளுங்கள். தாத்தா, பாப்பா, காக்கா, குடகு, கைரேகை என்று பிள்ளைகள் கொண்டு வருவார்கள். “மாமா” என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். மா, மா: அதுவும் சரிதான், கொடுத்துவிடுங்கள்.

சொல் ஏணியில் ஒரு படிக்கு ஓர் எழுத்து மட்டும் மாறும். தமிழில் ஓர் எழுத்து மாற்றம் என்றால் “ப” போய் “நி” வருவதும் ஒன்றுதான். ஆகவே இங்கே ஏணிகள் சீக்கிரம் குட்டையாகிவிடும். பழத்திலிருந்து நிலத்துக்குப் போக நாலு சொல் வேண்டும் என்று நினைப்பீர்கள். பழம், பலம், நிலம் என்று இரண்டே படியில் முடிந்துவிடும். நிற்கிற ஏணி ஒன்று: “குளிர்” என்பதில் தொடங்கி மூன்றே படியில் “வளர்” என்பதற்கு வாருங்கள். குளிர், தளிர், தளர், வளர். “துளிர்” என்று போகிறவர் அடுத்த படியில் நின்றுவிடுவார். அங்கிருந்து “துளர்” என்றுதான் போகவேண்டும், அது இன்று யாரும் பேசும் சொல் அல்ல. அதனால் குறிப்பு ஒன்று சேருங்கள்: “இரண்டாவது படிக்குப் பொருள் சோர்ந்துபோ.” ஏணி கட்டும்போது கீழிருந்து மேலே மட்டும் பார்க்காதீர்கள். மேலிருந்து கீழேயும் இறங்கிப் பாருங்கள். குறுக்குவழி அப்போதுதான் கண்ணில் படும்.

குறுக்கெழுத்துப் போட விரும்பினால் 5க்கு 5 கட்டத்துக்கு மேல் பலகையில் வேண்டாம். புள்ளி எழுத்து விழும் கட்டம் எந்தச் சொல்லின் தொடக்கக் கட்டமாகவும் இருக்க முடியாது, அதனால் இரண்டு சொல் வெட்டிக்கொள்ளும் இடங்களில் உயிர்மெய் வருகிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சொல்லும் “ம்” என்று முடிகிற மூலை எப்போதும் கைகொடுக்கும்.

எழுத்தும் எண்ணும் சேரும் ஒன்று

இதற்குத் தனியாக இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் தமிழில் இவ்வளவு சுத்தமாக வரும் எண் புதிர் குறைவு.

ஏதாவது ஓர் எண்ணை நினையுங்கள். அதைத் தமிழில் எழுத்தால் எழுதுங்கள். எத்தனை எழுத்து என்று எண்ணுங்கள். வந்த எண்ணை மறுபடி எழுத்தால் எழுதி எண்ணுங்கள். இப்படியே போனால் எங்கே போய் நிற்பீர்கள்?

எப்போதும் மூன்றில். ஆறு என்பது இரண்டெழுத்து, இரண்டு நான்கெழுத்து, நான்கு மூன்றெழுத்து, மூன்று மூன்றெழுத்து. நூறு: இரண்டு, நான்கு, மூன்று. பன்னிரண்டு: ஆறு, இரண்டு, நான்கு, மூன்று. ஒன்று முதல் பத்து வரை தன் எழுத்தெண்ணிக்கையும் தானும் ஒன்றாக இருக்கும் எண் மூன்று மட்டும்தான். மற்றவை (ஒன்று 3, ஐந்து 3, ஏழு 2, எட்டு 3, ஒன்பது 4, பத்து 3) எல்லாம் அங்கேயே வந்து சேரும். பத்துக்கு மேற்பட்ட எண்ணின் பெயரில் அந்த எண்ணளவு எழுத்து இருக்காது, ஆகவே ஒவ்வொரு முறையும் எண் சிறுத்துக்கொண்டே வந்து கடைசியில் இந்தப் பத்துக்குள் விழுந்துவிடும்.

எங்கே கெடும்? பேச்சுத் தமிழில். “நாலு” என்று எழுதினால் அது இரண்டெழுத்து. இரண்டு நான்கெழுத்து, நாலு இரண்டெழுத்து என்று முடிவில்லாமல் சுற்றும். ரெண்டு, மூணு என்று எழுதினாலும் அப்படித்தான், ரெண்டு மூன்றெழுத்து, மூணு இரண்டெழுத்து. ஆகவே “பாடப்புத்தகத்தில் எழுதுகிற மாதிரி எழுதுங்கள்” என்ற ஒரு வரி கட்டாயம். மறுநாள், “நாலு என்று எழுதினால் என்ன ஆகும்?” என்பதையே புதிராகப் போடுங்கள். கெட்ட இடமே இரண்டாம் நாள் புதிராகிவிடும்.

கணக்குப் புதிர்கள்

விடையிலிருந்து பின்னால் வாருங்கள். முதலில் விடையை எழுதி, பிறகு அதற்கு நிபந்தனை கட்டுங்கள். காலை, பகல், மாலை என மூன்று கொழுந்து நிறுவையில் 9, 11, 4 கிலோ என்று தீர்மானித்தால் புதிர் இப்படி வரும்: “ஒரு நாளில் மூன்று நிறுவை, நிகர எடை மொத்தம் 24 கிலோ. பகல் நிறுவை காலையைவிட 2 கிலோ கூட. மாலை நிறுவை காலையைவிட 5 கிலோ குறைவு. காலையில் எவ்வளவு?” மும்மடங்கில் 3 கிலோ குறைய 24, ஆகவே மும்மடங்கு 27, காலை 9.

இதில் “நிகர எடை” என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். கூடைக் கழிவு, தண்ணிக் கழிவு போகவா போகாமலா என்ற கேள்வி உடனே வரும், பேச்சு கணக்கை விட்டு வேறு பக்கம் போய்விடும். எண்கள் நடைமுறைக்கு ஒத்திருக்கவும் வேண்டும். ஒரு நிறுவையில் 90 கிலோ என்று எழுதினால் கொழுந்து எடுப்பவர் அந்த வரியிலேயே நிறுத்திவிடுவார். ஊர்களுக்கிடைத் தூரமும் அப்படியே. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே 60 கிலோமீற்றர் என்று ரயில் கணக்குப் போட்டால் சிரிப்புத்தான் வரும். உண்மைத் தூரம் கையில் இல்லையென்றால் “அ ஊர், ஆ ஊர்” என்று போடுங்கள். ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) கணக்குக்கு, ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து என்று வைத்துக்கொள்ளலாம். 9,000 கிலோ கொழுந்து 2,000 கிலோ தேயிலை ஆகும்.

இலக்கப் புதிரில் ஒரு சொல் எப்படி ஓட்டையாகிறது பாருங்கள். “இரண்டு இலக்க எண். இலக்கங்களைக் கூட்டினால் 9. இலக்கங்களை இடம் மாற்றினால் வித்தியாசம் 27.” இதற்கு 63, 36 என்று இரண்டு விடை. “இடம் மாற்றினால் 27 குறையும்” என்றால் 63 மட்டும்.

தொடர் எண் புதிரில் மிகவும் கவனம் வேண்டும். 2, 4, 8 அடுத்து என்ன? 16 என்பார் ஒருவர், இரட்டிக்கிறது. 14 என்பார் இன்னொருவர், 2, 4, 6 என்று கூடுகிறது. இருவரும் சரி. எண்கள் கூடக் கொடுத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. 1, 2, 4, 8, 16 என்று ஐந்து எண் கொடுத்தாலும் அடுத்தது 32 ஆகத்தான் வேண்டும் என்றில்லை. வட்டத்தின் மேல் புள்ளி வைத்து எல்லாப் புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்தால் கிடைக்கக்கூடிய மிகக் கூடிய துண்டுகள் இதே வரிசையில் போய் ஆறாவதில் 31 ஆகும். ஆகவே வெற்றிடத்தைக் கடைசியில் விடாமல் நடுவில் விடுங்கள்: 2, 4, 8, ?, 22, 32. இப்போது 14 என்று கண்டவர் பின்னால் உள்ள இரண்டு எண்ணால் தானே சரிபார்த்துக்கொள்வார்.

மாயச் சதுரம் கையில் எப்போதும் இருக்க வேண்டிய சரக்கு. 3க்கு 3 கட்டத்தில் 1 முதல் 9 வரை, எந்தப் பக்கம் கூட்டினாலும் 15. மேல்வரி 8, 1, 6. நடுவரி 3, 5, 7. கீழ்வரி 4, 9, 2. எத்தனை எண்ணைக் கொடுப்பது என்பதுதான் நுட்பம். நடுவில் 5 மட்டும் கொடுத்தால் எட்டு விடை. மேல் இடது மூலையில் 8 மட்டும் கொடுத்தால் இரண்டு விடை. 8ஐயும் அதற்கு வலப்பக்கம் 1ஐயும் கொடுத்தால் ஒரே விடை, அதற்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. எல்லாக் கட்டத்திலும் 2ஐக் கூட்டி 3 முதல் 11 வரை ஆக்கினால் கூட்டுத்தொகை 21. 4ஐக் கூட்டினால் 27. சதுரத்தைத் திருப்பிப் போட்டும் எண் கூட்டியும் மாதக்கணக்கில் ஓட்டலாம்.

நிபந்தனை விட்டுப்போனால் விடையே மாறுவதற்கு ஓர் உதாரணம். “தட்டுத் தராசு. 1 முதல் 13 கிலோ வரை எல்லா முழுக் கிலோவையும் நிறுக்க மிகக் குறைந்தது எத்தனை படிக்கல்?” பொருள் இருக்கிற தட்டிலும் படிக்கல் வைக்கலாம் என்றால் மூன்று போதும்: 1, 3, 9. ஐந்து கிலோவுக்கு ஒரு தட்டில் 9, மறுதட்டில் பொருளோடு 3ம் 1ம். வைக்கக் கூடாது என்றால் நான்கு வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் புதிர் போட்டால் இரண்டு கட்சி உருவாகும், இரண்டும் நியாயமான கட்சி.

பொது அறிவு

மாறாத உண்மையைக் கேளுங்கள். நாட்சம்பளம், அமைச்சர், மக்கள்தொகை போன்றவை மாறும். கேட்டே ஆகவேண்டும் என்றால் ஆண்டு போட்டுக் கேளுங்கள்.

“முதல்”, “பெரிய”, “உயர்ந்த” என்று தொடங்கும் கேள்விகளில் பள்ளம் அதிகம். “இலங்கைக்குத் தேயிலை எப்போது வந்தது?” என்று கேட்டால் 1824இல் பேராதனைப் பூங்காவுக்குச் செடி வந்ததைச் சொல்பவரும் சரி, 1867ஐச் சொல்பவரும் சரி. இப்படிக் கேட்க வேண்டும்: “ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் வர்த்தகத்துக்காகத் தேயிலை பயிரிட்ட தோட்டம் எது?” லூல்கந்துர. விடையோடு ஒரு வரி சேருங்கள்: இரண்டு ஆண்டு கழித்து 1869இல் கோப்பித் துரு நோய் வந்தது, கோப்பி போய்த் தேயிலை நின்றது. விடைக்குப் பின்னால் இந்த ஒரு வரி இல்லாவிட்டால் பொது அறிவு வெறும் மனப்பாடம்.

உலக முடிவுப் பள்ளத்தாக்கின் ஆழத்தைக் கேட்க வேண்டாம். ஓரிடத்தில் 900 மீற்றருக்குள் எழுதியிருக்கும், இன்னோரிடத்தில் 1,200 என்று இருக்கும். நூல்களே ஒத்துப்போகாததை விட்டுவிடுங்கள். குறைந்தது இரண்டு வேறு இடத்தில், அதில் ஒன்று பாடநூலோ அரச வெளியீடோ ஆக, ஒரே விடை இருந்தால் மட்டும் போடுங்கள்.

தெரிவு விடைகளில் மூன்றும் நம்பும்படி இருக்க வேண்டும். “இலங்கையின் மிக உயர்ந்த மலை?” என்பதற்கு சிவனொளிபாதமலை, கிரிகல்பொத்தை, பிதுருதலாகலை. பலர் சிவனொளிபாதமலை என்றே நினைத்திருப்பார்கள். அது 2,243 மீற்றர், பிதுருதலாகலை 2,524 மீற்றர். மறுநாள் கணக்குப் புதிரில் இவ்விரண்டின் வித்தியாசத்தைக் கேட்கலாம்: 281. இப்படி ஒரு நாளின் விடை அடுத்த நாளின் கேள்விக்குள் போனால் ஆட்கள் விடையை வாசிக்கத் தொடங்குவார்கள்.

கையில் வைத்துக்கொள்ளச் சில: கண்டிக்கு ரயில் 1867, நானுஓயாவுக்கு 1885, பதுளைக்கு 1924 (கண்டிக்கு வந்து எத்தனை ஆண்டின் பின் பதுளை? 57). எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள பாலத்துக்கு வளைவு ஒன்பது. எந்த நிலையத்துக்கு அடியிலேயே அதன் தண்டவாளம் சுற்றி வந்து போகிறது? தெமோதரை. மிக உயரமான நீர்வீழ்ச்சி பம்பரகந்தை, 263 மீற்றர். மிக உயரமான அணைக்கட்டு விக்டோரியா, 122 மீற்றர். ஹக்கலைப் பூங்கா 1861. டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்த கண்டிக்காரர் யார் என்பதைக் கேட்கத் தேவையில்லை, எத்தனை டெஸ்ட் போட்டிகளில் என்று கேளுங்கள்: 133.

நம் சொந்த வரலாற்றையும் பலகைக்குக் கொண்டுவர வேண்டும். பாடப்புத்தகத்தில் இதற்கு இடம் குறைவு. 1948இல் குடியுரிமைச் சட்டம், 1964 ஒக்ரோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 2003இல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம். கணக்கும் வரலாறும் சேர்ந்த புதிர்: “1964 ஒப்பந்தத்தில் பேசப்பட்ட இந்திய வம்சாவளியினர் 975,000 பேர். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. முடிவில்லாமல் விடப்பட்டவர்கள் எத்தனை பேர்? 1974இல் அவர்களைச் சரிபாதியாகப் பிரித்தபோது ஒரு நாட்டுக்கு எத்தனை?” 150,000, 75,000. இந்தக் கழித்தலைச் செய்கிற பிள்ளை வீட்டில் போய்த் தாத்தாவிடம் ஒரு கேள்வி கேட்கும். கேட்கட்டும்.

நாள்தோறும் நடத்துவது

ஒரு வாரத்துக்கு 18 புதிர் போதும், திங்கள் முதல் சனி வரை. ஞாயிற்றுக்கிழமைக்கு நீளமான ஒன்று மட்டும். அன்றன்று உட்கார்ந்து செய்யாதீர்கள். ஒரு வாரச் சரக்கு எப்போதும் முன்கூட்டி இருக்கட்டும். திங்கள் எளிது, வியாழன் நடுத்தரம், சனி கடினம். முதல் மாதம் முழுக்கத் திங்கள் மாதிரியே இருந்தாலும் குற்றமில்லை.

குறிப்பு மூன்று படியில் கொடுங்கள், மறுநாள் காலை ஒன்று, பகல் ஒன்று, மாலை விடைக்கு முன் ஒன்று. முதலில் வகை, பிறகு எழுத்தெண்ணிக்கை அல்லது எண்ணின் எல்லை, கடைசியில் ஓர் எழுத்து. எழுத்தெண்ணிக்கை இல்லாவிட்டால் விடை கெடும் புதிரில் அதை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும்.

முதலில் சொன்னவர் பெயரை மட்டும் எழுதினால் இரண்டே வாரத்தில் அதே மூன்று பெயர்தான் வரும், மற்றவர்கள் ஒதுங்குவார்கள். ஒரு பெட்டி வையுங்கள். துண்டுத் தாளில் விடையும் பெயரும். மாலைவரை சரியாக எழுதிய எல்லாப் பெயரும் பலகைக்கு வரட்டும். வட்ஸ்அப் குழுவிலும் போடுவதானால், விடையைக் குழுவில் போடாமல் புதிர் போட்டவருக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். குழுவில் பத்து நிமிடத்தில் விடை வந்துவிட்டால் மலையிலிருந்து மாலையில் இறங்குகிறவருக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

வாசிக்கத் தெரியாத பெரியவர்களை விட்டுவிட வேண்டாம். விடுகதையிலும் நிறுவைக் கணக்கிலும் அவர்களை வெல்வது கடினம். பிள்ளை ஒருவர் உரக்க வாசித்துச் சொல்லட்டும். எழுத்து மாற்றுப் புதிரைக் காதால் கேட்டுச் செய்ய முடியாது, ஆகவே ஒவ்வொரு நாளும் மூன்றில் ஒன்றாவது காதுக்கு உரியதாக இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது முறை கேட்க வேண்டியிருந்தால் வாக்கியம் நீளம்.

யாராவது நீங்கள் நினைக்காத விடை கொண்டு வந்து, அது எல்லா நிபந்தனைக்கும் பொருந்தினால், அது சரியான விடை. பெயரைப் போடுங்கள், “இரண்டாவது விடை” என்று பலகையில் எழுதுங்கள். மறுத்து வாதாடினால் அந்த ஆள் திரும்பி வரமாட்டார். ஏற்றுக்கொண்டால் அடுத்த நாள் முதல் ஓட்டை தேடவே நாலு பேர் வருவார்கள். அவர்களையே சோதிப்பவர்களாக ஆக்கிக்கொள்ளலாம்.

ஒரு பயிற்சிப் புத்தகத்தில் திகதி, புதிர், விடை, ஏற்றுக்கொள்ளும் வேறு விடைகள், சரியாக எழுதியவர் எத்தனை பேர் என்று பதிந்து வாருங்கள். யாருமே அவிழ்க்காத புதிருக்கும் எல்லாரும் அவிழ்த்த புதிருக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். அடுத்த மாதம் கடினத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று அந்தக் குறிகள் சொல்லும். இரண்டு விடை வந்த புதிரைச் சிவப்பில் வட்டமிட்டு, எந்தச் சொல்லைச் சேர்த்தால் இரண்டாவது விடை அடைபடும் என்று அதே பக்கத்தில் எழுதி, ஆறு மாதம் கழித்துத் திருத்திய வடிவில் மறுபடி போடுங்கள்.